பொள்ளாச்சி வீடும் வெள்ளை ஈ வைத்தியமும்

லீவில் ஊருக்கு வந்து, வாசல் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் கரி பூசியது மாதிரி நிற்பதைப் பார்த்தால் செடிக்கு மருந்து தேடி ஓடாதீர்கள். தலையைத் தூக்கி மேலே இருக்கும் தென்னை ஓலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சுருள் சுருளாக வெள்ளை மெழுகு தெரிந்தால் அது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. இந்தியாவில் 2016-இல் முதலில் தென்பட்டதே நம்ம பொள்ளாச்சிப் பக்கம்தான். ஓலைச் சாற்றைக் குடித்துவிட்டு அது சொட்டும் பிசுபிசுப்பில்தான் கீழே இருக்கும் இலையில் கரும்பூசணம் படர்கிறது.

எனக்கு இது பழகிய விஷயம். அமெரிக்காவில், மின்னசோட்டாவில் எங்கள் வீட்டு முன்னால் இருக்கும் முகோ பைன் புதரிலும் இதே கருப்புதான், அங்கே சாறு குடிப்பது செதில் பூச்சி. ஜூன், ஜூலையில் அதன் குஞ்சுகள் ஊர்கிற நாட்களில் தோட்டக்கலை எண்ணெய் அடித்தால் கேட்கும், ஓடு கெட்டியான பிறகு அடித்தால் காசுக்குத்தான் கேடு.

சரி, இங்கே சர்வீஸ் எப்படி? பூச்சிமருந்துக் கடையில் நான் இலையை எடுத்துக் காட்டும் முன்பே கடைக்காரர், "வெள்ளையா இருக்குதுங்களா, இதை அடிச்சு விடுங்க" என்று பாட்டிலை எடுத்து வைத்துவிட்டார், எந்தப் பூச்சி என்று ஒரு கேள்வி இல்லை. வாங்காமல் வந்து, விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்லும் கிசான் கால் சென்டருக்கு (1800-180-1551, கட்டணம் கிடையாது, காலை 6 முதல் இரவு 10 வரை) போன் போட்டேன். தமிழிலேயே பொறுமையாகப் பேசினார்கள், ரசாயனம் வேண்டாம் என்றார்கள். காரணம் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது கண்ணெதிரே இருந்தது: வெள்ளைக் கூட்டுப்புழுக்களுக்கு நடுவே சில கருத்துப்போயிருந்தன, ஒன்றிரண்டில் குண்டூசி முனை அளவுக்கு வட்ட ஓட்டை. என்கார்சியா என்ற குட்டிக் குளவி வெள்ளை ஈயின் குஞ்சைத் தின்று உள்ளேயே வளர்ந்து வெளியே போன அடையாளம் அது. விஷம் அடித்தால் முதலில் சாவது இதுதான்.

அப்புறம் ஆள் வைத்து ஓலை அடியில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினோம், ஈ வந்து ஒட்டிக்கொள்ள மஞ்சள் ஷீட்டில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டினோம். கருப்புக்கு மைதாக் கஞ்சி, லிட்டருக்கு 25 கிராம். காய்ந்ததும் செதிலாக உரிந்து விழுகிறது. ஸ்ப்ரேயர் ஆள் சொன்ன நாளுக்கு வரவில்லை, அது ஊர் வழக்கம். வாடகைக் காரை மட்டும் தென்னைக்கு அடியில் நிறுத்தாதீர்கள், கண்ணாடியில் ஒட்டுவது வைப்பருக்கு அசையாது.