சார்ஜ் போடும் முன் எழுதிய எண்கள்: லிப்போ பேக்குகளோடு நாலு வருடம்

2021 கடைசியில் ஐந்து லிப்போ பேக்குகளை (லித்தியம் பாலிமர் பேட்டரிகளை) ஒன்றாக வாங்கினேன். எல்லாம் 3 எஸ், அதாவது வரிசையாக இணைத்த மூன்று செல்; கொள்ளளவு 2200 எம்ஏஹெச் (மில்லி ஆம்ப் மணி). ஒரு மீட்டர் இறக்கையுள்ள, ரிமோட்டில் ஓட்டும் ஃபோம் விமானத்துக்காக வாங்கியவை. கூடவே 50 வாட் பேலன்ஸ் சார்ஜர் ஒன்று, பேலன்ஸ் பிளக்கில் செருகினால் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் காட்டி, ஏதாவது ஒரு செல் மிகவும் இறங்கினால் கத்தும் சின்ன பஸ்ஸர் மீட்டர் ஒன்று. பறக்கவிடும் இடம் உடுமலைப் பக்கம் எங்கள் தோட்டத்தை ஒட்டிய சோளக்காடு. தட்டு அறுத்த பிறகு தரை வெறுமனே கிடக்கும், இறக்குவதற்கு வசதி. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று சின்ன விமானத்தைப் பறக்க விடாது. அந்த மாதங்களில் பேக்குகளுக்கு ஓய்வு.

இன்று ஐந்தில் மூன்று நன்றாக இருக்கின்றன, இரண்டு போய்விட்டன. போன இரண்டும் எப்படிப் போயின என்பது என் நோட்டில் மாதக்கணக்காக எழுதியிருக்கிறது. அதனால்தான் இதைப் பகிர்கிறேன்.

முதலில் பேலன்ஸ், அதாவது செல்களைச் சமன் செய்வது, எதற்கு என்று பார்த்துவிடலாம். ஒரு லிப்போ செல் நிறைந்தால் 4.20 வோல்ட், மூன்று செல்லுக்கு 12.60. சார்ஜர் மொத்தத்தை மட்டும் பார்த்தால், ஒரு செல் 4.30, மற்ற இரண்டும் 4.15 என்றிருந்தாலும் அதற்கு 12.60தான். ஆனால் அந்த ஒரு செல் எல்லை தாண்டிவிட்டது. உள்ளே எலக்ட்ரோலைட் சிதைந்து வாயு சேரும், பேக் உப்பும், தீப்பிடிக்கவும் வழியுண்டு. மூன்று செல்லுக்கு நாலு ஒயர் வரும் அந்த வெள்ளை பேலன்ஸ் பிளக் இதற்காகத்தான். ஒவ்வொரு செல்லையும் சார்ஜர் தனித்தனியாகப் பார்த்து, உயரமாக இருப்பதிலிருந்து கொஞ்சம் கரண்டை ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சூடாக வெளியேற்றுகிறது. என் சார்ஜர் அப்படி எடுப்பது அதிகபட்சம் 300 மில்லி ஆம்ப். ஒரு செல்லில் 100 எம்ஏஹெச் கூடுதலாக இருந்தால் அதைச் சமன் செய்ய இருபது நிமிடம் வேண்டும். கடைசி நேரத்தில் சார்ஜர் இழுத்துக்கொண்டே போகிறதே என்று பாதியில் பிடுங்க வேண்டாம். வேலை நடப்பதே அப்போதுதான்.

சார்ஜ் முடிந்ததும் எல்லாப் பேக்கும் 4.20, 4.20, 4.20 என்றுதான் காட்டும். முதல் சில நாள் அதைப் பார்த்தே திருப்தியாக இருந்தேன். என்னோடு பறக்கவிட வரும் தம்பி ஒருவன், மோட்டார் வைண்டிங் கடையில் வேலை செய்பவன், அவனும் இதையேதான் கேட்டான்: “ஏனுங்கண்ணா, மூனுமே 4.20 காட்டுதுங்களே, அப்புறம் என்னத்துக்குங்க நோட்டு?”

மூன்று குடத்தையும் வாய்வரை நிரப்பி வைத்தால் மூன்றும் ஒன்றாகத்தான் தெரியும். ஒன்றின் அடியில் பாதிக்கு மண் படிந்திருந்தால் அது மொள்ளும்போதுதான் தெரிய வரும். செல்லும் அப்படித்தான். பேலன்ஸ் சார்ஜர் நீர்மட்டத்தைச் சமன் செய்யும், மண்ணை எடுக்காது. அதனால் நான் அளவை எடுப்பது பறந்து இறங்கிப் பத்து நிமிடம் கழித்து, சார்ஜ் போடும் முன்னால். எப்போதும் டைமரில் அதே நிமிடக் கணக்கு வைத்துப் பறந்துதான் இறக்குவேன். இது முக்கியம். 3.7க்கும் 3.85க்கும் நடுவில் செல்லின் வோல்ட் மெதுவாகத்தான் இறங்கும். 3.6க்குக் கீழே மளமளவென்று சரியும். அங்கே அளந்தால் நல்ல பேக்கிலும் செல்லுக்குச் செல் வித்தியாசம் பெரிதாகத் தெரியும், வீணாகப் பயந்துவிடுவோம்.

மூன்றாம் எண் பேக்கின் கதை நோட்டில் இப்படி இருக்கிறது. வாங்கிய புதிதில் 3.78, 3.78, 3.77. ஒரு வருடம் கழித்து 3.79, 3.71, 3.79. அடுத்த ஆறு மாதத்தில் நடு செல் 3.58க்கு வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் சார்ஜர் அதைத் தூக்கி 4.20க்குக் கொண்டுவந்து நிறுத்தியது, நானும் இன்னும் நாலு தடவை ஓட்டலாம் என்று விட்டேன். ஒரு ஞாயிறு காலை விமானம் மேலே இருக்கும்போதே அந்தச் செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டது. ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) மோட்டாரை நிறுத்தவில்லை, ஏனென்றால் அதுவும் மொத்தத்தைத்தான் பார்க்கிறது. 3.6, 2.9, 3.6 என்றால் 10.1. அதற்கு வைத்திருந்த எல்லை 9.9. பஸ்ஸர் கத்திய பிறகுதான் இறக்கினேன். பேக் கையில் பிடிக்க முடியாத சூடு, நடுவில் உப்பல். அன்றிலிருந்து பஸ்ஸர் இல்லாமல் ஒரு விமானமும் ஏறுவதில்லை.

ஐந்தாம் எண் வேறு மாதிரி. பறந்து வந்தால் மூன்றும் ஒட்டியே இருக்கும், சும்மா பெட்டியில் கிடக்கும்போது பிரியும். 3.84இல் வைத்தால் இரண்டு வாரத்தில் ஒரு செல் மட்டும் 3.76. சமன் செய்து வைத்தால் மறுபடியும் அதே. உள்ளேயே கசிகிறது என்று அர்த்தம். என் கணக்கில் இது மூன்றாம் எண்ணைவிட மோசம், நாம் பார்க்காத நேரத்தில் நடக்கிறதல்லவா. இதற்குக் காரணம் நான்தான் என்று நினைக்கிறேன். 2023 சித்திரையில் அடுத்தடுத்துக் கல்யாணம், ஊரில் நோம்பி. முழுக்கச் சார்ஜ் போட்ட அந்தப் பேக் தகரக் கூரை அறையில் மூன்று வாரம் கிடந்தது. முழுச் சார்ஜும் வெயிலும் சேர்ந்தால் லிப்போவுக்கு ஆகவே ஆகாது. இப்போது அன்று பறக்கவில்லை என்றால் அன்றே ஸ்டோரேஜ் அளவுக்கு, 3.80இலிருந்து 3.85க்குள், இறக்கிவிடுகிறேன். பேக்குகள் இருப்பது வீட்டுக்குள், சிமெண்ட் தரையில், பெரிய மண்சட்டியில். சார்ஜ் ஏறும்போது நான் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை.

எண் பொய் சொல்லும் நேரமும் உண்டு. இரண்டாம் எண் பேக்கில் ஒரு செல் 4.11லேயே நின்றது, சார்ஜர் ஒரு மணி நேரம் பேலன்ஸ் செய்துகொண்டே இருந்தது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் மூன்றும் சமம். பேலன்ஸ் பிளக்கின் ஒரு பின் தளர்ந்திருந்தது, ஒயரைப் பிடித்து இழுத்து இழுத்து வந்த வினை. அசைத்தால் எண் மாறினால் செல்லைச் சந்தேகப்படும் முன் பின்னைப் பாருங்கள். பஸ்ஸர் மீட்டரும் அப்படித்தான். ஐந்து பேக்கிலும் முதல் செல் 0.02 கூடக் காட்டியது. ஐந்திலும் முதல் செல்லே உயரமாக இருக்குமா என்ன? மீட்டரின் கோளாறு அது. இப்போது கழித்துவிட்டு எழுதுகிறேன்.

எனக்கு 0.03 வரை வித்தியாசம் ஒன்றுமில்லை. 0.05 வந்தால் அந்தப் பேக்குக்கு டைமரை ஒரு நிமிடம் குறைப்பேன். 0.10 தொடர்ந்து மூன்று முறை வந்தால் அதோடு சரி, சார்ஜரால் சமன் செய்ய முடிகிறது என்பதற்காக வைத்துக்கொள்வதில்லை.

போன இரண்டையும் தோட்டத்து மணல் குவியலின் மேல் வைத்து, பைக்கின் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை மாட்டி, வெளிச்சம் முழுக்க அணைந்த பிறகும் ஒரு நாள் அப்படியே விட்டு, அப்புறம் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்தேன். தம்பியும் இப்போது தனி நோட்டு போட்டிருக்கிறான். இந்த வருடம் காற்று ஓய்ந்து புரட்டாசியில் சட்டியைத் திறந்தபோது ஒன்றாம் எண்ணை அவன்தான் அளந்தான். 3.82, 3.82, 3.81.