தலைப்பிட்ட அப்ஸ்ட்ராக்ட்டா, ஒரே பத்தியா? பயிற்சி மருத்துவர் எதைத் தேர்ந்தெடுப்பது

மாநாட்டுக்கு அனுப்பும் அப்ஸ்ட்ராக்ட், அதாவது ஆய்வுச் சுருக்கம், பெரும்பாலும் 250 சொல்லுக்குள் அடங்க வேண்டும். பின்னணி, முறை, கண்டவை, முடிவுரை என்று தலைப்பிட்டுப் பிரிக்கலாம். ஒரே பத்தியாகவும் எழுதலாம். அறிவிப்பில் எது வேண்டும் என்று சொல்லியிருந்தால் அதுதான், வேறு பேச்சில்லை. சொல்லாவிட்டால், ஆய்வுக்குத் தலைப்பிட்டதே மேல். ஒரே நோயாளியைப் பற்றிய கேஸ் ரிப்போர்ட்டுக்குப் பத்திதான் பொருந்தும்.

தலைப்பிடும் முறையை 1987-ல் அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழில் முன்வைத்தார்கள். இன்று நியூ இங்கிலாந்து ஜர்னல் நான்கு தலைப்பு கேட்கிறது. லான்செட் நிதியுதவியையும் சேர்த்து ஐந்து கேட்கிறது. இந்த முறையின் பெரிய பலம், விட்டுப்போனதை அது காட்டிக்கொடுத்துவிடும் என்பதே. 'முறை' என்று எழுதியவுடன் எந்த வகை ஆய்வு, எங்கே, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, யாரைச் சேர்த்தோம், முதன்மையாக எதை அளந்தோம் என்று எழுதியே ஆக வேண்டும். பத்தியில் இவற்றில் இரண்டு நழுவினாலும் எழுதியவர் கண்ணுக்கே படாது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். பத்தியில் இப்படி வரும்: "சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்குப் புதிய கட்டு போட்டதில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரிந்தது, பி மதிப்பு 0.05-க்கும் கீழ்." (பி மதிப்பு என்பது, உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவோ இதைவிட அதிகமோ வித்தியாசம் தெரிவதற்கான வாய்ப்பு.) எத்தனை பேர், எத்தனை வாரம், எதோடு ஒப்பிட்டது, எதுவும் இல்லை. அதையே 'கண்டவை' என்ற தலைப்பின் கீழ் எழுதினால்: "12 வாரத்தில் புண் முழுதாக ஆறியவர்கள் புதிய கட்டில் 60-க்கு 42 (70%), வழக்கமான கட்டில் 60-க்கு 30 (50%). வித்தியாசம் 20 சதவீதப் புள்ளி. 95% நம்பக இடைவெளி 2.8 முதல் 37.2, பி மதிப்பு 0.025." நம்பக இடைவெளி என்பது உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய வரம்பு; இங்கே அது எவ்வளவு அகலம் என்பதைக் கவனியுங்கள். உண்மையான பலன் 3 புள்ளியாகக்கூட இருக்கலாம். ஆகவே முடிவுரையில் "சிறந்தது என நிரூபணமானது" என்று எழுத முடியாது. "கூடுதல் பேருக்கு ஆறியது, பெரிய ஆய்வில் உறுதிப்படுத்த வேண்டும்" என்பதோடு நிற்க வேண்டும்.

தலைப்பிட்டதிலும் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். பின்னணிக்கு 100 சொல் போய்விடும், கண்டவைக்கு 40 மிஞ்சும். பின்னணி 35, முறை 75, கண்டவை 105, முடிவுரை 35 என்று முதலிலேயே பங்கு போட்டுவிடுங்கள். எழுதத் தொடங்குவதும் கண்டவையிலிருந்தே. சில இணையப் படிவங்கள் தலைப்புச் சொற்களையும் எண்ணும், அதற்கும் கொஞ்சம் இடம் விட வேண்டும். "முடிவுகள் மாநாட்டில் விளக்கப்படும்" என்ற வரி மட்டும் எந்த வடிவத்திலும் வேண்டாம். மதிப்பிடுபவருக்கு மதிப்பெண் போட அங்கே ஒன்றுமே இல்லை.

கேஸ் ரிப்போர்ட் வேறு விஷயம். ஒரே நோயாளியின் கதையில் முறை, கண்டவை என்று வெட்டினால் கால வரிசை உடைந்துவிடும். வயது, வந்த தொந்தரவு, நோயைக் கண்டுபிடிக்க வைத்த பரிசோதனை, சிகிச்சை, கடைசியாகப் பார்த்தபோது எப்படி இருந்தார் என்று 150 சொல்லில் ஓட்டமாகச் சொல்லலாம். பெயரின் முதலெழுத்து, அனுமதித்த தேதி கூடாது. ஒருவருக்குக் குணமானதை வைத்து மருந்து வேலை செய்கிறது என்றும் எழுதக் கூடாது.

எந்த வடிவமானாலும் எண் பிசகும். 1999-ல் ஜாமா இதழில் வந்த ஆய்வு ஆறு மருத்துவ இதழ்களைச் சோதித்தது. கட்டுரையோடு பொருந்தாத, அல்லது கட்டுரையிலேயே இல்லாத தகவல் கொண்ட அப்ஸ்ட்ராக்ட்கள் இதழுக்கு இதழ் 18% முதல் 68% வரை இருந்தன. புள்ளியியல் நிபுணர் கடைசி நேரத்தில் அட்டவணையைத் திருத்துவார், அப்ஸ்ட்ராக்ட்டில் பழைய எண்ணே தங்கிவிடும். இறுதி அட்டவணையை அச்செடுத்து, ஒருவர் வாசிக்க, இன்னொருவர் அப்ஸ்ட்ராக்ட்டின் ஒவ்வொரு எண்ணையும் டிக் செய்துவிட்டுப் பிறகு அனுப்புங்கள்.