சான்றிதழில் 99.999, சிலிண்டருக்குள் காற்று

கோவைப் பக்கம் லேசர் கட்டிங், டிக் வெல்டிங் (ஆர்கான் கேஸ் மறைப்பில் டங்ஸ்டன் முனையால் பற்றவைப்பது) பட்டறை வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. லேசரில் உருகும் விளிம்பை ஆக்சிஜன் தீண்டாமல் காக்கத்தான் நைட்ரஜனை ஊதுகிறோம். 99.999 சதவீத நைட்ரஜன் என்று பில் போட்டு, அதற்கான விலையையும் வாங்கிக்கொண்டு, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றாத சிலிண்டரில் நிரப்பிக் கொடுக்கிறார்கள். எங்களுக்கு வந்த லோடு அப்படித்தான். 3 மி.மீ. எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டில் வெள்ளியாக வரவேண்டிய விளிம்பு மஞ்சளடித்தது, சில இடங்களில் நீலம் வரை போனது. நாசில், லென்ஸ், ஃபோகஸ், ஹோஸ் லீக் எதிலும் கோளாறு இல்லை. அதே புரோகிராமில் வேறு சப்ளையரின் சிலிண்டர்களை மாட்டியதும் விளிம்பு பளிச்சென்று வந்துவிட்டது. கேட்டதற்குச் சான்றிதழை நீட்டினார்கள். அதில் சிலிண்டர் எண்ணே இல்லை!

அந்தச் சான்றிதழ் அவர்களுடைய திரவ நைட்ரஜன் டேங்குக்கு உரியது. டேங்கில் கேஸ் சுத்தமாகவே இருக்கும். காலியாகித் திரும்பும் சிலிண்டரை வேக்கம் பம்ப் போட்டு உறிஞ்சிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். நேரத்தையும் கரண்டையும் மிச்சப்படுத்த அதைத் தவிர்க்கிறார்கள். வால்வு திறந்து கிடந்த சிலிண்டருக்குள் வளிமண்டல அழுத்தத்தில் காற்று நிறைந்திருக்கும். அதன்மேல் 150 பார் (அழுத்த அலகு; வளிமண்டல அழுத்தம் சுமார் 1 பார்) வரை சுத்தமான நைட்ரஜனை ஏற்றினாலும் சுமார் 6,600 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) காற்று தங்கிவிடும். அதில் ஆக்சிஜன் மட்டும் ஏறக்குறைய 1,400. 99.999 என்றால் எல்லா அசுத்தமும் சேர்ந்தே 10 பிபிஎம்தான் இருக்கலாம். பத்து சிலிண்டர்களை ஒரே குழாயில் இணைக்கும் மேனிஃபோல்டில் ஒன்று இப்படி இருந்தாலே போதும், மொத்த வெட்டும் கெடலாம்.

ஆகவே லோடு இறங்கும்போதே ஒவ்வொரு சிலிண்டர் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்களோடு ஆக்சிஜன் பிபிஎம் அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கேஸ் நிரப்பித் தரும் நல்ல சப்ளையரிடம் ஆக்சிஜனை அளக்கும் அனலைசர் இருக்கும், தயங்கமாட்டார். ஆர்கான் என்றால் சோதனை இன்னும் சுலபம்: துடைத்த எஸ்எஸ் தகட்டில் ஃபில்லர் ராடு (உருக்கிச் சேர்க்கும் கம்பி) இல்லாமல் ஒரு புள்ளி உருக்கி, போஸ்ட் ஃப்ளோ (ஆர்க் அணைந்த பிறகும் வரும் கேஸ்) முடியும்வரை டார்ச்சை எடுக்காதீர்கள். புள்ளி கருத்து, டங்ஸ்டன் முனையும் நீலமானால் முதலில் ஹோஸையும் டார்ச் ஓ-ரிங்கையும் பாருங்கள். சிலிண்டரை மாற்றியதும் சரியானால் சந்தேகமே வேண்டாம்.

அளவிலும் ஏமாற்று உண்டு. 47 லிட்டர் சிலிண்டரில் 7 கன மீட்டர் நைட்ரஜன் சுமார் 8.2 கிலோ, ஆர்கான் சுமார் 11.8 கிலோ. தோளில் பொறித்த வெற்று எடையைக் கழித்து, தராசில் நிறுத்துப் பாருங்கள். அழுத்தம் காட்டும் கேஜை நம்பவேண்டாம்: 35 டிகிரி வெயிலில் 150 பார் காட்டும் சிலிண்டர் 15 டிகிரியில் 140 பார்தான். அதாவது கிட்டத்தட்ட 7 சதவீதம் குறைவு.

நம் பக்கமும் ஒரு வேலை உண்டு. சிலிண்டரை அடியோடு காலி செய்யாமல் 2 பார் மிச்சம் வைத்து, வால்வை இறுக மூடி அனுப்புங்கள். அப்போதுதான் "உங்கள் பட்டறையில்தான் காற்று புகுந்தது" என்று அவர்கள் தப்பிக்க முடியாது.