கல்யாண உடை: கைப்பெட்டியிலா, செக்-இன் பெட்டியிலா?

வெளிநாட்டில் நடக்கும் கல்யாணத்துக்கு விமானத்தில் போகிறீர்கள். விழாவுக்கான உடையை எதில் வைப்பது?

செக்-இன் பெட்டியில் இடம் தாராளம். 100 மில்லிக்கு மேற்பட்ட செண்ட் பாட்டில்கள் பெரும்பாலான விமான நிலையங்களில் அதில்தான் போக முடியும். ஆனால் வழியில் விமானம் மாறினால் பெட்டி பின்தங்கிவிடலாம். எனக்கு அப்படித்தான் ஆனது. காலையில் கல்யாணம் முடிந்தது, மாலையில் பெட்டி வந்தது. எல்லாப் படத்திலும் நண்பனின் சட்டையில், கையை மூன்று மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு நிற்கிறேன்.

கைப்பெட்டியில் அந்தப் பயம் இல்லை. உடை கொஞ்சம் கசங்கும், அவ்வளவுதான். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு அந்த ஆவியில் மாட்டிவைத்தால் பாதிச் சுருக்கம் போய்விடும். எடைதான் இடிக்கும், பல விமானங்களில் 7 கிலோவோடு சரி. அப்புறம், பரிசுப் பொருளுக்கு இப்போதே வண்ணத்தாள் சுற்றாதீர்கள், சோதனையில் பிரிக்கச் சொல்லலாம்.

நான் இப்போதெல்லாம் விழாவுக்கான ஒரு செட், நகை, மருந்து மூன்றையும் கையில் வைத்துக்கொள்கிறேன். பவர் பேங்க்கும் கையில்தான். அதைச் செக்-இன்னில் போடவே கூடாது. மற்றதெல்லாம் பெரிய பெட்டிக்கு. நகை அதிகமென்றால் எதில் வைத்தாலும் சுங்கத்தில் சொல்ல வேண்டிவரும். அந்த நாட்டு வரம்பைக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.