பாராளுமன்றப் பார்வையாளர் கலரி: கட்டடம் பிரமாதம், பிரேக்தான் கொஞ்சம் லூஸ்

உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிற யாரும் பிள்ளைகளை ஒருமுறையாவது கோட்டேயிலுள்ள பாராளுமன்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். கிளிநொச்சியிலிருந்து இரவு பஸ் பிடித்தால் விடியப் போய்ச் சேரலாம். அதிபரின் கடிதத்தோடு படைக்கலச் சேவிதருக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். போனும் பையும் உள்ளே வராது. கலரியில் கைதட்டவோ கதைக்கவோ கூடாது. எங்கள் வகுப்பு இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

கட்டடத்துக்கு ஐந்துக்கு ஐந்து. ஜெஃப்ரி பாவா வடிவமைத்து 1982இல் திறந்தது. சுற்றிவர தியவன்னா ஓயாத் தண்ணீர், மேலே செப்புக் கூரை, சபைக்குள் ஓலை ஓலையாகத் தொங்கும் சரவிளக்கு. பிள்ளைகள் முதலில் அதைத்தான் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு ஒருத்தி என் காதுக்குள், "டீச்சர், ஜனாதிபதிட கதிரை எது?" என்றாள். அவர் உறுப்பினரே இல்லை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது வரவேண்டும் என்று அரசியலமைப்பில் இருக்கிறது, அவ்வளவுதான் என்று வெளியே வந்துதான் சொன்னேன்.

உண்மையில் அவள் கேட்டதுதான் கேள்வி. அங்கே இல்லாத ஒருவரை அங்கே இருக்கிற 225 பேரும் எப்படிப் பிடித்து நிறுத்துவது? ஜனாதிபதிக்குப் பிரேக் போடும் இந்தச் சேவைக்கு நான் ஐந்துக்கு இரண்டரைதான் கொடுப்பேன். அந்த இரண்டரையும் பெரும்பாலும் 2018க்காக.

அந்த வருடம் ஒக்டோபர் 26ஆம் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ரணிலை நீக்கி மகிந்தவைப் பிரதமராக்கினார். பெரும்பான்மை கிடைக்காது என்று தெரிந்ததும் நவம்பர் 9ஆம் திகதி சபையையே கலைத்தார். சபை முதலில் கூடி நான்கரை வருடம் ஆகுமுன் கலைக்க முடியாது என்று அரசியலமைப்பின் 19ஆம் திருத்தத்தில் இருந்தது. அப்போது மூன்று வருடம் சொச்சம்தான் ஆகியிருந்தது. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுக்க, சபை மறுபடி கூடியது. நவம்பர் 16ஆம் திகதி சபாநாயகரின் ஆசனத்தை மகிந்த தரப்பு உறுப்பினர்கள் பிடித்துக்கொண்டார்கள். பொலிசார் சூழ வந்த சபாநாயகர் கரு ஜயசூரிய சபைக்குள் வேறோர் இடத்தில் நின்று மகிந்தவுக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணைக்குக் குரல் வாக்கெடுப்பு நடத்தினார். மிளகாய்த்தூளும் கதிரையும் பறந்தன. பாடத்தில் எது மறந்தாலும் பிள்ளைகளுக்கு மிளகாய்த்தூள் மறக்காது.

எனக்குப் பெரிதாகப் படுவது நவம்பர் 29. பிரதமர் அலுவலகத்துக்கு அரச பணம் போகாமல் நிறுத்தும் பிரேரணை 123 வாக்குகளால் நிறைவேறியது, எதிராக ஒரு வாக்கும் இல்லை. சத்தம் போடாமல் பணப்பையைக் கட்டினார்கள். பாராளுமன்றத்தின் உண்மையான பலம் அங்கேதான் இருக்கிறது. என்றாலும் முடித்து வைத்தது நீதிமன்றம்தான்: டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்களும் கலைப்பு செல்லாது என்றார்கள்.

பாராளுமன்றத்தின் மிச்சச் சரித்திரம் அவ்வளவு நன்றாக இல்லை. ஜனாதிபதியாக இருந்த ஜே.ஆர். ஜயவர்தன தன் கட்சி உறுப்பினர்களிடம் திகதி போடாத ராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். அப்படியான சபை யாரைக் கேள்வி கேட்கும்? 1991இல் ஜனாதிபதி பிரேமதாசவைப் பதவி நீக்கக் குற்றப் பிரேரணை வந்தது. அவர் கூட்டத்தொடரை ஒத்திவைத்தார். கையெழுத்துப் போட்டவர்களில் சிலர் பின்வாங்க, பிரேரணை படுத்துவிட்டது. 2015இல் 212 பேர் கை தூக்கி 19ஆம் திருத்தத்தால் குறைத்த ஜனாதிபதியின் அதிகாரத்தை, 2020இல் வந்த சபை 156 பேரின் வாக்கில் திருப்பிக் கொடுத்தது.

2022 மே 17ஆம் திகதி ஜனாதிபதி கோட்டாபய மீது அதிருப்தி தெரிவிக்கும் பிரேரணையை உடனே எடுப்பதற்காக, நிலையியற் கட்டளைகளை, அதாவது சபையின் நடைமுறை விதிகளை, இடைநிறுத்தக் கேட்டார் எதிர்க்கட்சி உறுப்பினர் சுமந்திரன். எதிராக 119, ஆதரவாக 68 என்று தோற்றது. ஜூலையில் கோட்டாபயவை அனுப்பியது தெரு. கலரிக்குப் போகும் வழியில் பொல்துவ சந்தி வரும். ஜூலை 13ஆம் திகதி ஆர்ப்பாட்டக்காரரும் படையினரும் மோதிய இடம் அது. பஸ்ஸை அங்கே கொஞ்சம் மெதுவாக விடச் சொல்லிப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

ஜனாதிபதியை நீக்க மூன்றில் இரண்டு, அதாவது 150 பேர் வேண்டும். அதுவும் நடுவில் உயர் நீதிமன்ற விசாரணையோடு. 2024 பாராளுமன்றத் தேர்தலில் ஜனாதிபதியின் கட்சிக்கே 159 ஆசனம். ஆக, அவருடைய ஆட்களே உடைந்தால் தவிர இந்தப் பிரேக் பிடிக்காது. யார் ஜனாதிபதி என்பதைப் பொறுத்த விஷயமில்லை இது.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. சாதாரண நாளை விட வரவுசெலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தில் இடம் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். செலவுத் தலைப்பு 1 ஜனாதிபதிக்கானது. அது விவாதத்துக்கு வரும் நாள் கிடைத்தால் விடாதீர்கள். பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுத்து, யார் என்ன கேட்டார், அதற்குப் பதில் வந்ததா என்று மட்டும் வெளியே வந்தபின் ஞாபகத்திலிருந்து எழுதச் சொல்லுங்கள். சபைப் பேச்சுகளின் பதிவான ஹன்சாட் வந்ததும் ஒத்துப் பார்க்கலாம்.