தோட்டத்தில் காமாலை: பீஎச்ஐ வீடு தேடி வந்த கதை

இந்த முறை இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தபோது அக்கா மகளின் பையனுக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் வார்டில் வைத்துப் பார்த்தார்கள். வைத்தியத்தில் ஒரு குறையும் இல்லை. நான் எழுத வந்தது, பிள்ளை வார்டில் கிடந்த நேரத்தில் வெளியே நடந்த இன்னொரு வேலையைப் பற்றி.

காமாலை என்று சந்தேகம் வந்ததுமே, இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், டொக்டர் எச் 544 என்ற தொற்றுநோய் அறிவித்தல் படிவத்தை நிரப்பினார். அது எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிசுக்குப் போகும். அங்கிருந்து பீஎச்ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வீட்டுக்கு வந்து விசாரிப்பார். எல்லா எம்ஓஎச் பிரிவுகளின் கணக்கும் வாராவாரம் கொழும்பில் தொற்றுநோயியல் பிரிவுக்குச் சேரும். 1897ஆம் ஆண்டு நோய்த்தடுப்புக் கட்டளைச்சட்டத்தின் கீழ் இப்படி அறிவிப்பது கட்டாயம். டெங்கு, எலிக்காய்ச்சல், நெருப்புக்காய்ச்சல் (டைபாய்ட்), சின்னமுத்து (தட்டம்மை), கூகைக்கட்டு எல்லாம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் உண்டு. கொலரா மாதிரி நோய் என்றால் உடனே போனிலேயே சொல்லிவிட வேண்டும்.

படிவத்தில் முகவரி எழுதும் இடத்தில்தான் நம் மக்கள் மாட்டிக்கொள்கிறோம். அக்கா மகள் தோட்டத்தின் பெயரையும் பொகவந்தலாவையையும் சொல்லி நிறுத்திவிட்டாள். கடிதம் என்றால் அது போதும், தோட்ட ஒபிசுக்கு வந்துவிடும். ஆனால் மலைக்கு ஒன்றாகப் பிரிந்து கிடக்கும் டிவிஷன்களில் (தோட்டப் பிரிவுகளில்) ஒரு காய்ச்சல்காரப் பிள்ளையை அதை வைத்து எப்படித் தேடுவது? வார்டில் இருந்த மிஸ் (தாதி) விடவில்லை. "எந்த டிவிஷன் தங்கச்சி? கோயிலுக்கு மேலயா, கீழயா? எத்தனையாவது காம்பரா?" என்று கேட்டுக் கேட்டு, கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்தில் எழுதினார்: பணிய (கீழ்) டிவிஷன், மாரியம்மன் கோயிலுக்குக் கீழ் லயம் (வரிசை வீடு), தொங்கல் காம்பரா (கடைசி அறை), போன் நம்பர். அந்த ஒரு வரியால்தான் மற்றதெல்லாம் நடந்தது.

பீஎச்ஐ மோட்டார் சைக்கிளைப் பிரட்டுக்களத்தில் (வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்தில்) விட்டுவிட்டு நடந்தே இறங்கி வந்தார். கண் எப்போது மஞ்சளானது, எந்தப் பள்ளிக்கூடம், வெளியில் என்ன சாப்பிட்டான், குடிதண்ணி எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு லயத்துக்குத் தண்ணி பிடிக்கும் பீலியில் இருந்து பைப்பைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறினார். நானும் கூடப் போனேன். தண்ணித் தொட்டியின் மூடி உடைந்து, பாதி தகரத்தால் மறைத்திருந்தது. அதற்கும் மேலே மேல் லயத்தின் மலக்குழி. குளோரின் போடும்படி அங்கிருந்தே தோட்ட நிர்வாகத்துக்குப் போன் பண்ணினார்.

லயத்தில் வேறு யாருக்கும் இருக்கிறதா என்று அவர் கேட்டபோதுதான் இன்னொரு பையனின் கதை வெளியே வந்தது. அவனுக்கு முன்னமே கண் மஞ்சளாகி, டவுனில் ஒரு தனியார் டொக்டரிடம் காட்டி, கீழாநெல்லியும் அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அறிவித்தல் எதுவும் போகவில்லை. தனியார் டொக்டரும் அறிவிக்கத்தான் வேண்டும். பையனின் அம்மாவும் வாய் திறக்கவில்லை. "கொரோனா நேரம் மாதிரி லயத்த மூடிருவாங்கனு பயந்துட்டேன் சார்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த டொக்டர்மேல் வந்தது. ஏ வகைக் காமாலைக் கிருமி உடம்புக்குள் போய் நோய் காட்ட 15 முதல் 50 நாள் வரை ஆகும். கண் மஞ்சளாவதற்கு முந்தின ஓரிரு வாரங்களில்தான் அது மலத்தில் அதிகம் வெளியேறும். முதல் பையனுக்கே படிவம் போயிருந்தால் தொட்டியை அப்போதே பார்த்திருப்பார்கள். அதன் பிறகும் அந்தத் தண்ணியைப் பச்சையாகக் குடித்த பிள்ளைகளுக்காவது அது உதவியிருக்கும்.

நான் இருக்கும் இங்கிலாந்தில் 2010ஆம் ஆண்டு விதிகளின்படி டொக்டர் மட்டுமல்ல, பரிசோதனைக்கூடமும் அறிவிக்க வேண்டும். ஒருவர் விட்டாலும் மற்றவரிடம் பிடிபடும்.

தோட்டத்தில் சொந்தக்காரர்கள் உள்ளவர்கள் அடுத்த முறை போன் எடுக்கும்போது இதைச் சொல்லிவையுங்கள்: ஆஸ்பத்திரியில் டிவிஷன், லயம், காம்பரா எல்லாம் சொல்லட்டும். தனியாரிடம் காட்டினால் "எம்ஓஎச்சுக்கு அறிவிச்சீங்களா டொக்டர்?" என்று கேட்கட்டும். கொழும்பில் கடை வேலை செய்துவிட்டுக் காய்ச்சலோடு ஊர் வரும் பிள்ளைகள், அங்கே தங்கியிருந்த இடத்தையும் சேர்த்துச் சொல்லட்டும். அந்தப் பகுதி எம்ஓஎச்சுக்கும் தகவல் போக வேண்டும்.

நான் புறப்படும்போது தொட்டிக்குப் புது மூடி வந்திருந்தது. மலக்குழியை மாற்றும் வேலை இன்னும் அப்படியே கிடக்கிறது. நிர்வாகத்திடம் விடாமல் கேட்கும்படி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன், நானும் கடிதம் எழுதியிருக்கிறேன்.