ஐ.ஈ.எல்.டி.எஸ். ஸ்பீக்கிங்: டவுன் கிளாஸா, போனா, கூட்டாளியா?

மலையகத்தில், வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் கேட்கிற ஆங்கிலப் பரீட்சையான ஐ.ஈ.எல்.டி.எஸ்.ஸுக்குத் தயாராகும் பிள்ளைகள் ரீடிங்கையும் லிஸனிங்கையும் பழைய வினாத்தாள்களை வைத்து எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். ஸ்பீக்கிங்தான் காலை வாரிவிடுகிறது. வீட்டில் தமிழ், பஸ்ஸில் பாதி சிங்களம், ஆங்கிலம் கொப்பியில் மட்டும். பேச ஆள் இல்லை. அதனால் எந்த வழியை எடுத்தாலும் நான் கேட்பது ஒன்றைத்தான்: அதில் நம் வாய் எவ்வளவு நேரம் திறக்கிறது?

பரீட்சையே 11 முதல் 14 நிமிடம்தான். முதலில் ஊர், படிப்பு, பொழுதுபோக்கு என்று சின்னக் கேள்விகள். அப்புறம் ஒரு அட்டை தருவார்கள். ஒரு நிமிடம் யோசித்து, இரண்டு நிமிடம் வரை தனியாகப் பேச வேண்டும். கடைசியில் அதே விஷயத்தை ஒட்டிய விவாதம். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு நான்குக்கும் சம புள்ளி.

ஹட்டன், பண்டாரவளை, கண்டி என்று டவுனுக்கு டவுன் கிளாஸ் இருக்கிறது. இலக்கணம் ஆட்டம் காண்கிறவருக்கு அது தேவைதான். திருத்த ஒரு ஆசிரியர் இருக்கிறார், வாரம் தவறாமல் போகவும் வைக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை மணி நேர கிளாஸில் இருபது பேர் இருந்தால், ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும் தலைக்கு நாலரை நிமிடம்தான். அதைவிடப் பெரிய தொல்லை மனப்பாட நோட்ஸ். 'கூட்டமான இடம் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள்' என்று அட்டை வந்தால், நோட்ஸில் இருக்கும் ஷொப்பிங் மோலை அப்படியே ஒப்பிக்கிறார்கள். சீசனில் நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலை ஏறிய பிள்ளைக்கு எதற்கு இந்த மோல்? நெரிசலில் படிக்கட்டில் நின்று நின்று ஏறியது, வழிநெடுகத் தேத்தண்ணிக் கடைகள், விடியுமுன் அடிக்கும் குளிர் என்று சொல்லப் போனால் இரண்டு நிமிடம் போதாது. ஒப்பிக்கும் பதிலைப் பரீட்சகர் கண்டுபிடித்துவிடுவார். வேறொரு கேள்வியைப் போட்டால் நோட்ஸ் அங்கேயே நின்றுவிடும்.

அட்டைப் பகுதிக்கு என் ஓட்டு போனுக்குத்தான். ஒரு நிமிடம் குறிப்பு எழுதி, இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து, உடனே போட்டுக் கேளுங்கள். எங்கே இழுக்கிறோம், எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் பிடித்துத் தொங்குகிறோம் என்பது முதல் தடவையே தெரிந்துவிடும். மறுநாள் அதே அட்டையை வேறு சம்பவத்தோடு பேசுங்கள். காசும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். பள்ளத்தில் இருக்கும் லயங்களில் இது சின்ன விஷயமில்லை. செயலிகளில் பேசிப் பழகலாம், தப்பில்லை. ஆனால் அவை தரும் பேண்ட் மதிப்பெண்ணை, அதாவது 9க்கு எத்தனை என்ற ஐ.ஈ.எல்.டி.எஸ். புள்ளியை, நம்பி இருக்க வேண்டாம்.

போனின் குறை, அது எதிர்க்கேள்வி கேட்காது. 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்று சொன்னாலும் நம் காதுக்கு அது சரியாகத்தான் கேட்கும். பேசும் சாயல் தமிழ் என்பதற்காகப் புள்ளி வெட்டமாட்டார்கள், விளங்க வேண்டும், அவ்வளவுதான்.

விவாதப் பகுதிக்குக் கூட்டாளியை விட்டால் வழியில்லை. 'தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போவது நல்லதா?' என்று கேட்டுவிட்டு, எந்தப் பதில் வந்தாலும் 'ஏன்?', 'போகாவிட்டால்?', 'இருபது வருஷத்துக்கு முன்பு எப்படி?' என்று விடாமல் துரத்த வேண்டும். கேட்கிறவருக்கு நல்ல ஆங்கிலம் இருக்க வேண்டுமென்றில்லை, பிடிவாதம் இருந்தால் போதும். முதல் வாரம் தம்பி தங்கச்சிமார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இருவருக்கும் ஒரே பிழை இருந்தால் அது திருந்தாது என்பதுதான் இதில் ஓட்டை. அதற்கு, பரீட்சை நெருங்கும்போது தனி ஆசிரியர் ஒருவரிடம் ஒன்லைனில் ஓரிரு மாதிரி நேர்முகம் செய்தால் போதும். மாதக் கணக்கில் அவருக்குக் காசு கட்ட வேண்டியதில்லை.

ஆளைக் கண்டாலே நா ஒட்டிக்கொள்கிறவர்கள் பி.டி.ஈ. என்ற இன்னொரு ஆங்கிலப் பரீட்சைப் பக்கம் பார்க்கிறார்கள். அதில் கணினியிடம்தான் பேச்சு. மனிதப் பயம் இல்லை, ஆனால் மூன்று விநாடி மௌனமானால் மைக் மூடிக்கொள்ளும். யோசித்து யோசித்துப் பேசுகிறவருக்கு அது ஐ.ஈ.எல்.டி.எஸ்.ஸை விடக் கொடுமை. போகிற இடம் எந்தப் பரீட்சையை ஏற்கிறது என்பதை முதலில் பாருங்கள். பிரித்தானியாவில் தாதியாகப் பதிவதற்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். எடுப்பவருக்கு ஸ்பீக்கிங்கில் 7 வேண்டும்.

இன்னொன்று. ஸ்பீக்கிங் மற்றப் பகுதிகள் நடக்கும் நாளிலேயே வரும் என்றில்லை, ஒரு வாரம் முன்னே பின்னே விழலாம். பதுளை, மஸ்கெலியா பக்கமிருந்து போகிறவர்கள் இரண்டு பயணத்துக்குக் காசு ஒதுக்கி வையுங்கள். முடிந்தால் முதல் நாளே போய்த் தங்குங்கள்; இரவு பஸ்ஸில் தூங்காமல் இறங்கி நேரே போய்ப் பேசுவது கஷ்டம்.